கடல் தூண்டிலுக்குக் கண்ணாடி நார்க் கம்பு: கொள்முதலில் கவனிக்க வேண்டியவை



மளிகைக் கடைக்கும் கடல் தூண்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே கடை வைத்திருக்கும் நமக்குத் தூண்டில் முள்ளும் நரம்பும் புதிய சரக்கு அல்ல. சணல், கயிறு, பூட்டு, டார்ச் லைட் ஆகியவற்றோடு ஒரு தகர டப்பாவில் முள்ளும் ஈயக்குண்டும் வைத்து விற்கும் சிறு கடைகள் திருவரங்கத்திலும் முக்கொம்பு வழியிலும் உண்டு. மூங்கில் கழியை வாடிக்கையாளரே வெட்டிக் கொள்வார். அந்தக் காலம் மாறி வருகிறது. சனிக்கிழமை இரவு புறப்பட்டு, சுமார் 140 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாகப்பட்டினம் பக்கமோ, கோடியக்கரை, தொண்டி பக்கமோ போய்க் கடலில் தூண்டில் போடும் இளைஞர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது கடல் உப்பைத் தாங்கும் கம்பு. அதிலும் தம் கைக்கு ஏற்றபடி கட்டித் தரும் கம்பு.

அப்படிக் கட்டுவதற்கு முதல் சரக்கு ‘பிளாங்க்’. வளையம், கைப்பிடி, ரீல் மாட்டும் பூட்டு எதுவும் இல்லாத வெறுங்கம்பு அது. அரிசி மட்டமாக இருந்தால் சமையல்காரர் என்ன செய்தாலும் சோறு சோபிக்காது. அதுபோல் வெறுங்கம்பு சரியில்லாவிட்டால் மேலே எவ்வளவு விலை உயர்ந்த வளையம் கட்டினாலும் வீண். கம்பு கடற்கரையில் முறிந்தால் வாடிக்கையாளருக்கு மீனும் போச்சு, பஸ் செலவும் போச்சு. அவர் செய்த கம்பெனியைத் தேடிப் போக மாட்டார். விற்ற நம் கடை வாசலில்தான் வந்து நிற்பார். ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி நாம் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

நம் நாட்டுச் சரக்கு போன கதை

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உயர்ந்த தூண்டில் கம்புகளை இந்திய மூங்கிலால் செய்தார்கள். கல்கத்தா துறைமுகம் வழியாகப் போனதால் அதற்குக் ‘கல்கத்தா மூங்கில்’ என்றே பெயர். நாம் கல்மூங்கில் என்று சொல்லும் இனம் அது. அதைப் பட்டை பட்டையாகப் பிளந்து, ஆறு பட்டைகளை ஒட்டி ஒரு கம்பாக்குவார்கள். ஆனால் வந்த கழிகளில் பலவற்றில் தீயில் வாட்டிய தழும்புகள் இருந்தன. பட்டையாகப் பிளந்தபோது கழிவு அதிகமானது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்சீனத்து ‘டாங்கின்’ மூங்கில் சந்தைக்கு வந்தது. அது நேராக இருந்தது, கணு இடைவெளியும் நீளம். கல்கத்தா மூங்கில் அந்தச் சந்தையை இழந்தது.

டாங்கினுக்கும் ஒரு நாள் வந்தது. கொரியா போரின்போது, 1950 டிசம்பரில், அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டது. தடை 1971 வரை நீடித்தது. அதற்குச் சற்று முன்பே, 1940-களின் பிற்பகுதியில், கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்துச் செய்த கம்புகள் விற்பனைக்கு வந்திருந்தன. மூங்கில் கிடைக்காத நேரத்தில் அவை கடைகளை நிரப்பிவிட்டன. தரம் பிரிக்காத சரக்கு சந்தையை இழக்கும், ஒரே இடத்தை நம்பிய கொள்முதல் ஒரே நாளில் நின்று போகும் என்ற இரண்டு பாடங்களும் இதில் இருக்கின்றன. எந்தச் சரக்கு விற்பவருக்கும் இவை பொருந்தும்.

கண்ணாடி நாரா, கார்பனா?

1973 முதல் கார்பன் நார்க் கம்புகளும் சந்தைக்கு வந்துவிட்டன. கார்பன் எடை குறைவு. கண்ணாடி நாரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பு. ஆனால் நீண்டு கொடுக்கும் குணம் அதற்குக் குறைவு. பாறையில் மோதிச் சிறு கீறல் விழுந்தால், அடுத்த பெரிய மீன் இழுக்கும்போது அந்த இடத்தில் ஒடியலாம். கண்ணாடி நார் கனமானது, ஆனால் நன்றாக வளைந்து கொடுக்கும், அடியையும் தாங்கும். படகின் விளிம்பிலும் பாறையிலும் கம்பைப் போட்டுப் புழங்குகிறவர்களுக்கும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் கண்ணாடி நாரே ஏற்றது. விலையும் குறைவு.

இன்னொன்றையும் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்கு அடியிலும் இடி மின்னல் நேரத்திலும் அதைத் தூக்கிப் பிடிப்பது உயிருக்கு ஆபத்து. காய்ந்த கண்ணாடி நார் மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், உப்புத் தண்ணீரில் நனைந்த கம்பையும் நரம்பையும் நம்பக் கூடாது. எந்தக் கம்பானாலும் மின்கம்பிக்கு அருகே வேண்டாம் என்று சொல்லியே விற்க வேண்டும்.

கண்ணாடி நாருக்குக் கருப்பு வர்ணம் அடித்து ‘கார்பன்’ என்று விலை ஏற்றி அனுப்பும் சரக்கும் உண்டு. அடிப்பக்கம் வெட்டிய முனையில் வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தால், கண்ணாடி நார் பெரும்பாலும் வெண்மையாகவோ மங்கிய மஞ்சளாகவோ தெரியும். கருப்பாகவே இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் மீட்டரை வெட்டுமுனையில் வைத்துப் பார்க்கலாம். கண்ணாடி நாரில் முள் அசையாது.

தராசும் கஜக்கோலும் போதும்

திருவரங்கத்தில் மளிகைக் கடை நடத்தும் ஒரு தம்பி நம்மிடம் கேட்டார்: “ஐயா, நான் ஒருநாளும் தூண்டில் போட்டதில்லை. நல்ல கம்பு எது என்று எனக்கு எப்படித் தெரியும்?” நாம் சொன்ன பதில்: “நெல் விளைவித்தா தம்பி அரிசி தரம் பார்க்கக் கற்றுக்கொண்டீர்கள்? கடையில் இருக்கும் தராசும் படிக்கல்லும் போதும்.”

முதலில் எடை. ஒரே அளவு, ஒரே ரகம் என்று வந்த பத்துக் கம்புகளையும் தனித்தனியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். எடையில் பெரிய வித்தியாசம் இருந்தால், நார்த் துணியோ பிசினோ சீராகப் படியவில்லை என்று பொருள். குழல் கம்பு செய்யும் முறை இதுதான்: பிசினில் தோய்ந்த கண்ணாடித் துணியைக் கூம்பான இரும்புக் கோலின் மேல் சுற்றி, நாடா கட்டி, உலையில் வேகவைத்து, பிறகு கோலை உருவி எடுப்பார்கள். சுற்றும்போது நடந்த கவனக்குறைவு தராசில் தெரிந்துவிடும்.

இரண்டாவது நேர்மை. கம்பைக் கண்ணாடி மேசை மேல் உருட்டுங்கள். நுனி துள்ளினால் கோணல். ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து நுனி வரை நோக்கியும் பார்க்கலாம்.

மூன்றாவது பலம். அமெரிக்காவில் வில்லியம் ஹேனிமன் என்பவர் சில்லறை நாணயங்களை எடைக்கல்லாக வைத்துக் கம்பின் பலத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். நம் கடைக்கும் அது பொருந்தும். கம்பின் அடியைத் துணி சுற்றி மேசையில் கிடையாக இறுக்குங்கள். நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டுச் சிறு படிக்கற்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். வெளியே நீட்டியிருக்கும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நுனி இறங்கும்போது, பையில் எவ்வளவு எடை இருக்கிறதோ அதுதான் அந்தக் கம்பின் பலம். ஒன்பது அடி நீட்டியிருந்தால் மூன்று அடி இறங்க வேண்டும். மாதிரிக்குக் காட்டிய கம்பையும் லாரியில் வந்த கம்பையும் இப்படி ஒப்பிட்டால் வித்தியாசம் மறைய வழியில்லை. கையால் நுனியைப் பிடித்து வலுக்கட்டாயமாக வளைத்துப் பார்ப்பது தவறு. நல்ல கம்பும் அதில் முறியும்.

நான்காவது முதுகு. சுற்றிய துணியின் ஓரம் படிந்த இடத்தில் கம்பு ஒரு பக்கம் மட்டும் கூடுதல் விறைப்பாக இருக்கும். அடியைத் தரையில் ஊன்றி, நுனியை உள்ளங்கையில் தாங்கி, நடுவில் லேசாக அழுத்தி உருட்டினால், ஓரிடத்தில் தானாகத் திரும்பி நிற்கும். அந்தப் பக்கத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் வளையம் கட்டுபவருக்கு உதவும்.

கடைசியாக, வெள்ளைத் தழும்பு, கொப்புளம், வெளியே நீட்டும் நார் ஆகியவற்றைப் பாருங்கள். வளைக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்தால் அந்தக் கம்பைத் தள்ளி வையுங்கள்.

அளவும் எழுத்தும்

கம்பில் அவுன்ஸ், பவுண்டு என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம். 3 முதல் 6 அவுன்ஸ் என்றால் 85 முதல் 170 கிராம் ஈயம் வீசலாம் என்று அர்த்தம். 20 பவுண்டு நரம்பு என்றால் சுமார் 9 கிலோ தாங்கும் நரம்பு. அது மீனின் எடை அல்ல. இதை விளக்கிச் சொல்லும் கடைக்காரரிடம் வாடிக்கையாளர் மறுபடி வருவார்.

கரையிலிருந்து அலை தாண்டி வீச 9 முதல் 12 அடிக் கம்பு வேண்டும். படகில் நின்று நேராகக் கீழே விடுபவருக்கு ஏழு அடிக்குள் போதும். வெள்ளிக்கோல் பிடித்த நமக்கு இதன் காரணம் எளிதில் புரியும். கோல் நீள நீள, முனையில் இருக்கும் சிறு எடையும் கையைப் பெரிதாக இழுக்கும். பாறை மீனையும் களவாவையும் ஆழத்திலிருந்து தூக்க நீளக் கம்பு கொடுத்தால் தோள்தான் வலிக்கும்.

உப்பு கண்ணாடி நாரைத் தின்னாது. அது தின்பது வளையத்தையும் ரீல் பூட்டையும். ஆகவே கடலுக்கு விற்கும் கம்பில் 316 தர ஸ்டெயின்லெஸ் வளையமும், உள்ளே பீங்கான் வகை வளையமும் கேட்டு வாங்குங்கள். பித்தளைக்கு முலாம் பூசியது சீக்கிரம் பச்சை பூத்துவிடும். நுனி வளையத்தைச் சூடு காட்டினால் இளகும் பசையால் ஒட்டியிருந்தால் பிறகு மாற்றுவது சுலபம்.

சரக்கு வைக்கும் முறை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் முதலை முடக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக் காலம். அப்போது படகுக் கம்பு தேங்கும், கரைக் கம்பு நகரும். கம்புகளைச் சுவரில் சாய்த்து வெயிலில் வைத்தால் வளைந்தே நின்றுவிடும். நிழலில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். பில் இல்லாத சரக்கு மலிவாக வந்தாலும் வேண்டாம். குறை கண்டால் திருப்பி அனுப்ப நம் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் பில்தான்.

இன்று வீட்டில் இருந்தபடியே போனில் கம்பு வரவழைக்கலாம். விலையில் அவர்களோடு நம்மால் போட்டி போட முடியாமல் போகலாம். ஆனால் நிறுத்து, உருட்டி, வளைத்துக் காட்டி, “இதில் இவ்வளவுதான் தாங்கும் தம்பி” என்று நேருக்கு நேர் சொல்லி விற்பது கடையில்தான் முடியும். சிறு வணிகனுக்கு அதுதான் முதல். கொள்முதலில் கண் வைப்போம். விற்பனையில் நாணயம் தானாக வரும்.