ஏதென்ஸைக் கடலுக்குத் திருப்பிய தெமிஸ்டாக்கிளிஸ்

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கம் ஒரே நாடாக இருக்கவில்லை. தனித்தனி ஆட்சியும் சட்டமும் படையும் கொண்ட நகர அரசுகள் பல அங்கே அருகருகே இயங்கிவந்தன. அவற்றுள் ஒன்றான ஏதென்ஸ், பெரிதும் நிலப்படையையே நம்பியிருந்த நிலையிலிருந்து சில பத்தாண்டுகளுக்குள் ஏஜியன் கடலின் தலைமைச் சக்தியாக உயர்ந்தது. அதற்கு அடித்தளமிட்டவர் தளபதியும் அரசியல் தலைவருமான தெமிஸ்டாக்கிளிஸ்.

ஏறத்தாழ கி.மு. 524இல் நியோக்ளிஸ் என்பவரின் மகனாகப் பிறந்த அவர், கி.மு. 493இல் ஏதென்ஸின் ஆர்க்கான் ஆனார். ஆர்க்கான் என்பது ஆண்டுதோறும் மாறும் தலைமை ஆட்சியாளர் பதவி. அதுவரை ஏதென்ஸ் மக்கள் தங்கள் கப்பல்களை ஃபாலெரம் என்னும் திறந்த கடற்கரையில் நிறுத்திவந்தனர்; இயற்கையாகவே மூன்று துறைகளைக் கொண்ட பிரேயஸின் பாதுகாப்பை உணர்ந்த தெமிஸ்டாக்கிளிஸ், அங்கே அரண் கட்டும் பணியைத் தொடங்கிவைத்தார். கி.மு. 490இல் மாரத்தானில் பாரசீகப் படை தோற்றபோது ஆபத்து நீங்கிவிட்டதெனப் பலரும் நிம்மதியடைந்தனர். பெரும் போர் இனிமேல்தான் வரப்போகிறது என்று அவர் கருதியதாக வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார்.

கி.மு. 483 அளவில், ஏதென்ஸுக்குத் தெற்கேயுள்ள லாரியம் சுரங்கங்களில் வளமான வெள்ளிப் படிவம் வெளிப்பட்டது. அதன் வருவாயைக் குடிமக்களுக்கு ஆளுக்குப் பத்து திராக்மா வீதம் பகிர்ந்தளிக்கலாம் என்ற யோசனை மக்கள் பேரவையின் முன் இருந்தது. தெமிஸ்டாக்கிளிஸ் அதை மறுத்து, அந்தப் பணத்தில் போர்க்கப்பல்கள் கட்ட வேண்டும் என்று வாதிட்டார். தொலைவிலுள்ள பாரசீகத்தைக் காட்டினால் மக்கள் அசையமாட்டார்கள் என்பதால், கண்ணுக்கெட்டும் தொலைவிலிருந்த பகை நகரமான ஏஜினாவையே அவர் காரணமாகச் சொன்னார். கைக்கு வரவிருந்த பணத்தை நாளைய பாதுகாப்புக்காக விட்டுக்கொடுக்குமாறு ஒரு மக்களாட்சியை இசையவைத்ததே அவருடைய ஆகப் பெரிய அரசியல் வெற்றி.

அவ்வாறு கட்டப்பட்ட டிரைரீம் என்னும் கப்பல், ஏறத்தாழ 37 மீட்டர் நீளம் கொண்டது. அதில் 170 பேர் மூன்று அடுக்குகளில் அமர்ந்து, ஆளுக்கொரு துடுப்பாக வலித்தனர். முகப்பின் அடியில் நீர்மட்டத்தில் பொருத்தப்பட்ட வெண்கல முட்டுமுனையால் பகைவர் கப்பலின் விலாவை உடைப்பதே அதன் முதன்மையான போர்முறை. கவசமும் ஈட்டியும் சொந்தச் செலவில் வாங்க வசதியுள்ளவரே நிலப்படையின் முதல் வரிசையில் நின்ற காலத்தில், துடுப்பு வலிக்க உடல் வலிமையும் பயிற்சியும் இருந்தால் போதுமானதாக இருந்தது. ஆகவே நகரத்தைக் காக்கும் பொறுப்பு ஏழைக் குடிமக்களின் தோள்களுக்கும் வந்தது. அத்துடன் அரசியலில் அவர்களுடைய குரலும் வலுத்தது.

கி.மு. 480இல் பாரசீகப் பேரரசர் செர்க்செஸ் பெரும்படையுடன் கிரேக்கத்தில் நுழைந்தார். மரச்சுவரே காக்கும் என்று டெல்பி ஆலயத்திலிருந்து வந்த அருள்வாக்குக்குக் கப்பல்களே பொருள் என்று தெமிஸ்டாக்கிளிஸ் விளக்க, மக்கள் நகரை விட்டு வெளியேறினர். வெறிச்சோடிய ஏதென்ஸைப் பாரசீகர் தீக்கிரையாக்கியபோது, சலாமிஸ் தீவருகே நின்ற கிரேக்கக் கூட்டணி கலைந்துபோகும் நிலையில் இருந்தது. கிரேக்கர் தப்பியோடப் போகிறார்கள் என்ற செய்தியைத் தம் அடிமையான சிசின்னஸ் மூலம் பகைவருக்கே அனுப்பி, அவர்களைக் குறுகிய நீரிணைக்குள் வரவழைத்தார் தெமிஸ்டாக்கிளிஸ். எண்ணிக்கையில் மிகுந்த பாரசீகக் கப்பல்கள் அங்கே திரும்ப இடமின்றி ஒன்றோடொன்று மோதிச் சிதைய, கிரேக்கர் வென்றனர்.

அந்த வெற்றியின் நாயகரையே ஏதென்ஸ் ஏறத்தாழ கி.மு. 471இல் வெளியேற்றியது. அளவுமீறி ஓங்குவதாக மக்கள் அஞ்சும் ஒருவரின் பெயரைப் பானையோட்டில் கீறி வாக்களித்து, அவரைப் பத்தாண்டுகள் நாடுகடத்தும் முறை அங்கே இருந்தது. அதில் சொத்தோ குடியுரிமையோ பறிபோகாது. அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவிலுள்ள ஒரு கிணற்றில், தெமிஸ்டாக்கிளிஸின் பெயர் பொறித்த ஏறத்தாழ 190 ஓடுகள் அகழ்வில் கிடைத்தன. அவற்றை எழுதியவை பதினான்கு கைகள் மட்டுமே என்று எழுத்தமைதி காட்டுகிறது; ஆகவே அவருடைய எதிரிகள் ஓடுகளை முன்கூட்டியே எழுதி, வாக்காளருக்கு வழங்க ஆயத்தமாக வைத்திருந்தனர் எனக் கருதப்படுகிறது.

பிறகு பாரசீகத்துடன் உறவு கொண்டதாக ஸ்பார்ட்டா குற்றம்சாட்ட, துரோகி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட அவர், செர்க்செஸின் மகன் அர்டாக்செர்க்செஸிடமே அடைக்கலம் புகுந்தார். பாரசீக மொழியைக் கற்று, ஆசியா மைனரிலுள்ள மக்னீசியா நகரின் ஆட்சியைப் பெற்று, ஏறத்தாழ கி.மு. 459இல் அங்கேயே இறந்தார்.

அவரிடம் தந்திரமும் புகழாசையும் இருந்ததைப் பண்டைய ஆசிரியர்கள் மறைக்கவில்லை. ஆயினும், வரவிருப்பதைக் கணிப்பதிலும் உடனடியாக முடிவெடுப்பதிலும் அவருக்கிருந்த இயல்பான ஆற்றலைக் கண்டிப்பான வரலாற்றாசிரியரான துசிடிடீஸே வியந்து போற்றுகிறார். அவர் கடலில் ஏற்றிய ஏழைக் குடிமக்களின் வாக்கும் சேர்ந்தே அவரை வெளியேற்றியிருக்கக்கூடும். எனினும் அவரை இழந்த பின்னும் அவர் உருவாக்கிய கடற்படையையும் துறைமுகத்தையும் கொண்டே ஏதென்ஸ் தன் பொற்காலத்தைக் கட்டியது என்பதே அவருடைய தொலைநோக்குக்குப் போதிய சான்று.