பாட்டு முடியட்டும்

மெல்லிசைக் குழுவில் பல ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவன் நான். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று மேடை ஏறியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பாட்டு முடிந்ததும் எழுகிற கைதட்டலும் பாட்டின் ஒரு பகுதிதான். பாடுகிறவருக்கு அடுத்த பாட்டுக்கான தெம்பு அதிலிருந்துதான் வருகிறது. அதனால்தான், ஒரு பாப் இசைக் குழுவின் கதையைச் சொல்லும் மேடை இசை நாடகத்தைச் சினிமாவாக்கினால், அந்தக் கைதட்டலுக்குப் பதில் என்ன செய்தார்கள் என்று முதலில் பார்ப்பேன்.

மேடையில் இதற்குத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. கதையில் வரும் குழு ஆயிரம் பேர் முன்னால் பாடுகிறது என்றால், டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கும் நாமே அந்த ஆயிரம் பேர். நாம் கைதட்டினால் கதையிலும் அவர்கள் ஜெயித்துவிடுகிறார்கள். சினிமாவில் இது நடக்காது. துணை நடிகர்கள் திரையில் கைதட்டுவார்கள்; நாம் இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்போம்.

'ஜெர்சி பாய்ஸ்' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கஷ்டப்பட்ட இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களின் பையன்கள் சேர்ந்து, 1960களில் நாட்டையே பாட வைத்த 'ஃபோர் சீசன்ஸ்' குழுவின் உண்மைக் கதை அது. முன்னணிப் பாடகர் ஃபிராங்கி வேலி, கள்ளக்குரலில் உச்சத்தைத் தொட்டு நிற்பவர். பாட்டுகளுக்கு மெட்டமைத்தவர் பாப் காடியோ. 2005 நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வேயில் தொடங்கிய நாடகம், 2006இல் சிறந்த இசை நாடகம் உட்பட, நாடகக் கலைக்கான டோனி விருதுகள் நான்கைப் பெற்றது. 2017 ஜனவரி வரை 4,642 காட்சிகள் ஓடியது.

அந்த நாடகத்தின் கட்டுக்கோப்பு அழகானது. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பருவங்கள். ஒவ்வொரு பருவத்தையும் குழுவில் ஒருவர் தன் கண்ணோட்டத்தில் சொல்வார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். 'ஷெரி' என்ற முதல் வெற்றிப் பாட்டுக்காக அரங்கம் வெகுநேரம் காத்திருக்கும். அது வந்ததும் அடுத்தடுத்து இரண்டு வெற்றிப் பாட்டுகள். அரங்கம் அதிரும்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் 2014இல் இதைப் படமாக்கினார். இசைமேல் உயிரை வைத்திருக்கும் இயக்குநர் அவர். நால்வரில் மூவருக்கு, அதே வேடங்களில் மேடையில் நடித்தவர்களையே எடுத்தார். வேலியாக வந்த ஜான் லாயிட் யங், மேடையில் அதே வேடத்துக்கு டோனி வாங்கியவர். ஸ்டூடியோவில் முன்கூட்டிப் பதிவுசெய்து வாயசைக்க வைக்காமல், படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாட வைத்தார். ஒரு மேடைக் கலைஞனாக இதற்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனாலும் படம் பொங்கவில்லை. பல பாட்டுகள் சூடுபிடிக்கும் நேரத்தில் காட்சி நகர்ந்துவிடுகிறது. கடன், ரவுடிகளின் சகவாசம், குடும்பச் சண்டை என்று கதை முன்னே வர, இசை பின்னணிக்குப் போகிறது. பாத்திரங்கள் கேமராவைப் பார்த்துப் பேசும் உத்தி மிஞ்சியிருக்கிறது. நான்கு பருவங்களின் கட்டுக்கோப்பு தளர்ந்துவிட்டது. கடைசியில் மொத்தப் பேரும் தெருவில் ஆடிப் பாடும்போதுதான், படம் முழுக்க இப்படி இருந்திருக்கலாமே என்று மனம் ஏங்குகிறது.

இதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 2006இல், பில் காண்டன் இயக்கத்தில் வந்த படம் 'டிரீம்கேர்ள்ஸ்'. மைக்கேல் பென்னட் 1981இல் பிராட்வேயில் அரங்கேற்றிய நாடகத்தின் திரைவடிவம் அது. 'சுப்ரீம்ஸ்' குழுவின் வரலாற்றை நினைவூட்டும் வகையில், மூன்று கறுப்பினப் பெண்களின் வளர்ச்சியையும் பிரிவையும் சொல்வது. பாட்டுகள் பெரும்பாலும் முன்பதிவு செய்யப்பட்டவை. மேடைக்காரன் கணக்குப்படி இதுதான் தோற்றிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தது இதுதான்.

காரணம், காண்டன் பாட்டுக்குக் கொடுத்த இடம். தொடக்கத்தில் பாத்திரங்கள் பெரும்பாலும் மேடையிலும் ஒத்திகையிலும்தான் பாடுகிறார்கள். அதனால் நமக்கு அது இயல்பாகப் படுகிறது. பாடல்களின் ஊடே ஊர்களும் ஆண்டுகளும் உருண்டோடுகின்றன. பழகிய பிறகு, மெல்ல மெல்ல, பேச வேண்டிய இடத்திலும் பாடத் தொடங்குகிறார்கள். எஃபி என்ற பாடகியைக் குழுவிலிருந்து விலக்கும் காட்சி உச்சம். பார்வையாளர்கள் இல்லாத நாடக அரங்கில், எஃபியாக நடித்த ஜெனிஃபர் ஹட்சன் தன் வேதனையைப் பாடித் தீர்க்கிறார். கேமரா விலகவில்லை, இடையில் வேறு கதை புகவில்லை. திரைக்குள்ளே கைதட்ட ஒருவரும் இல்லை. அமெரிக்கத் திரையரங்குகளில் படம் பார்த்தவர்களே அந்தப் பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள் என்று அன்றைய செய்திகள் சொல்லின. 'அமெரிக்கன் ஐடல்' பாட்டுப் போட்டியில் தோற்று வெளியேறிய ஹட்சனுக்கு இதுவே முதல் படம். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கரும் கிடைத்தது.

உண்மை மனிதர்களின் கதைக்குக் கட்டுகள் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'ஜெர்சி பாய்ஸ்' படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் வேலியும் காடியோவும் இருந்தார்கள். 'டிரீம்கேர்ள்ஸ்' கற்பனைப் பெயர்களோடு சுதந்திரமாக நகர்ந்தது. அதற்கும் விலை உண்டு: 'சுப்ரீம்ஸ்' குழுவை வளர்த்த மோடவுன் இசை நிறுவனத்தைத் தவறாகக் காட்டியதாக எதிர்ப்பு எழுந்து, படநிறுவனங்கள் 2007இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டன.

இருந்தாலும் என் தீர்ப்பு மாறாது. மேடை நடிகர்களை அப்படியே கொண்டுவருவதும், நேரடியாகப் பாட வைப்பதும் நல்லவைதான்; அவை மட்டும் போதாது. இசைக் குழுவின் கதையில் திருப்பங்கள் பாட்டுக்குள்ளேதான் நடக்கின்றன. பாட்டை வெட்டினால் கதையையே வெட்டுகிறோம். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களின் கதையும் ஒருநாள் திரைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. எடுக்கப்போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு பாட்டையாவது முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை பாட விடுங்கள்.