படம் எடுத்தால் போதுமா? உப்பளக் கரையில் எக்ஸ்ரே, ஸ்கேன் வசதிகள்

சென்ற கோடையில் நம் அங்கத்தினர் ஒருவரின் மனைவியார், உப்பளத்தில் கூடை சுமக்கும் வேலைக்குச் செல்பவர், இரண்டு மாதமாக நீங்காத இருமலுடன் வைத்தியரிடம் சென்றார். மார்பை எக்ஸ்ரே எடுத்து வருமாறு வைத்தியர் சீட்டு எழுதிக் கொடுத்தார். முதல் நாள் சென்றபோது யந்திரம் பழுது. இரண்டாம் முறை படம் எடுத்தாயிற்று. ஆனால் அதைப் பார்த்து எழுதித் தருபவர் அடுத்த வாரமே வருவார் என்றனர். மூன்றாம் முறை சென்றபோது, படம் தெளிவாக இல்லை, மறுபடியும் எடுக்க வேண்டும் என்றனர். மூன்று பயணத்திலும் கணவர் துணைக்குச் சென்றார். ஆகவே இருவருடைய கூலியும் மூன்று நாள் போயிற்று. பேருந்துச் செலவு வேறு. நோய் க்ஷயம் என்று தெரிவதற்குள் ஒரு மாதம் கழிந்தது. அவ்வம்மையார் இப்போது மருந்துண்டு தேறி வருகிறார். ஆயினும் அந்த ஒரு மாதமும் வீட்டுக் குழந்தைகள் அதே காற்றையே சுவாசித்தனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

"நம் பக்கத்தில் யந்திரம் போதவில்லை" என்பதே இதைக் கேட்ட பலரும் சொன்னது. அது பாதி உண்மை. பாவு மட்டும் இருந்தால் சேலை ஆகாது என்பதை நம் நெசவாள அங்கத்தினர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. படம் பிடிக்கும் யந்திரம் பாவு போன்றது. அதை இயக்குபவர், படத்தைப் படித்துச் சொல்பவர், மின்சாரம், பராமரிப்பு ஆகியவை ஊடை. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் வைத்திய உதவி என்பது உருவாகும்.

நால்வகைப் படங்கள்

உடலைக் கீறாமல் உள்ளே பார்க்கும் வழியை முதலில் கண்டவர் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரப் பேராசிரியர் ராண்ட்ஜன். ஆண்டு 1895. அவர் கண்ட எக்ஸ் கதிர் சதையை எளிதில் ஊடுருவும். எலும்பில் பெரிதும் தடைபடும். அந்த நிழலே எக்ஸ்ரே படம். எலும்பு முறிவுக்கும் நுரையீரல் நோய்க்கும் இதுவே முதற் சாதனம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் இத்துறைக்கென்றே பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் ஏற்பட்டது.

இரண்டாவது, ஒலியலைப் படம். அல்ட்ராசவுண்டு என்றும், பொதுவாக 'ஸ்கேன்' என்றும் சொல்கிறோம். நம் காதுக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் அமைப்பது இது. கர்ப்பிணிகளுக்கு இதனைப் பயன்படுத்தும் வழியை கிளாஸ்கோ நகர வைத்தியர் அயன் டொனால்டும் அவருடைய துணைவர்களும் 1958இல் வெளியிட்டனர். இதில் எக்ஸ் கதிர் இல்லை.

மூன்றாவது, சி.டி. ஸ்கேன். பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரைச் செலுத்தி, கணினியின் உதவியால் உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் காட்டுவது. 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. தலையில் அடிபட்டவர்க்கும் பக்கவாதம் கண்டவர்க்கும் உயிர் காப்பது இதுவே. நான்காவது, எம்.ஆர்.ஐ. வலிய காந்தத்தால் எடுக்கப்படுவது. இதிலும் எக்ஸ் கதிர் இல்லை. மூளை, முதுகுத் தண்டு, மூட்டு ஆகியவற்றை நுட்பமாகக் காட்டும்.

கதிரைப் பற்றி அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஒரு மார்பு எக்ஸ்ரேயினால் உடலிற் படும் கதிர், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே சுமார் 10 நாட்களில் நம்மீது படுவதற்கு ஒப்பானது. மார்பு சி.டி.யோ சுமார் 2 ஆண்டுகளில் படுவதற்கு ஒப்பானது. ஆகவே தேவையான படத்தை மறுக்கவும் கூடாது; வைத்தியர் சொல்லாமல் "பெரிய ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்று நாமே கேட்கவும் கூடாது.

எளியவை இரண்டு

உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினருக்கு இத்தகைய படவசதி எதுவுமே எட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் கூறியது. வைத்தியத்தில் படம் தேவைப்படும் சந்தர்ப்பங்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரண எக்ஸ்ரேயும் ஒலியலைப் படமுமே போதும் என்பதும் அந்நிறுவனத்தின் முடிவு. இந்தக் கருத்தைக் கொண்டே, சிற்றூர் வைத்தியசாலைகளுக்கு ஏற்ற எளிய எக்ஸ்ரே அமைப்பு ஒன்றை 1970களிலேயே அது வகுத்தது. எக்ஸ்ரே எடுக்க ஒரு நொடியின் சிறு பகுதியில் மிகுந்த மின்விசை வேண்டும். தடுமாறும் மின்சாரத்தால் அது இயலாது. ஆகவே மின்கலத்தில் விசையைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துமாறு அந்த யந்திரம் அமைக்கப்பட்டது.

உப்பங்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை மரக்காணத்தார் நன்கறிவர். அளத்திலுள்ள மோட்டாரும் குழாயும் எத்தனை விரைவில் துருவேறுகின்றன! நுட்பமான மின்கருவிகளுக்கும் ஈரமும் உப்பும் பகையே. குளிரூட்டிய, ஈரம் புகாத அறையும், காலந்தவறாத பராமரிப்பும் இல்லாவிடில் இலட்சக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள யந்திரம் துணி போர்த்திய காட்சிப் பொருளாகிவிடும். வாங்குவதற்குப் பணம் ஒதுக்குவோர், பழுது பார்ப்பதற்கும் ஆண்டுதோறும் ஒதுக்குவதே அறிவுடைமை.

படத்தைப் படிக்கும் நிபுணர் பற்றாக்குறை இதனினும் பெரியது. இந்தியாவில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு கதிரியல் நிபுணர் என்றே பொதுவாக மதிப்பிடுகின்றனர். அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில் இருக்கின்றனர். இக்குறையைப் போக்கத் தொலைக் கதிரியல் என்னும் முறை வந்துள்ளது. சிற்றூரில் எடுத்த படம் கம்பி வழியே நகரத்துக்குச் சென்று, அங்குள்ள நிபுணர் எழுதிய குறிப்பு திரும்பி வருகிறது. மத்திய அரசு 2015இல் தொடங்கிய இலவசப் பரிசோதனைத் திட்டத்தில் இதுவும் இடம்பெற்றுள்ளது.

க்ஷயமும் எக்ஸ்ரேயும்

1955 முதல் 1958 வரை இந்தியாவில் க்ஷய நோயைப் பற்றி எக்ஸ்ரே ஊர்திகளைக் கொண்டு ஒரு பெருங்கணக்கெடுப்பு நடந்தது. அதுவரை க்ஷயம் நகரத்து நோய் என்றே பலரும் எண்ணியிருந்தனர். கிராமத்திலும் நகரத்திலும் அது ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதை அக்கணக்கெடுப்பு வெளிப்படுத்தியது. ஆயினும் ஊர்தோறும் எக்ஸ்ரே வைக்க வசதி இல்லாமையால், 1962இல் தொடங்கிய தேசியத் திட்டம் சளிப் பரிசோதனையையே பெரிதும் நம்பியது. இருந்த வசதிக்கு அது தக்க வழியே.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு மற்றோர் உண்மையைக் காட்டியது. மார்பு எக்ஸ்ரே எடுக்காமல், இருமல், காய்ச்சல் முதலிய அறிகுறிகளை மட்டும் விசாரித்திருந்தால், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 42.6 பேர் தவறிப்போயிருப்பர். அறிகுறி இல்லாமலே நோயைச் சுமந்து திரிபவர் அத்தனை பேர்! கையில் எடுத்துச் செல்லும் எக்ஸ்ரே கருவிகளும், படத்தைக் கணினியே முதலில் பார்த்துச் சந்தேகம் சொல்லும் முறையும் இப்போது வந்துள்ளன. இம்முறையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஏற்றது. 2024 டிசம்பரில் தொடங்கிய 100 நாள் க்ஷய ஒழிப்பு இயக்கத்தில் இக்கருவிகள் பயன்பட்டன. எனினும் எக்ஸ்ரே சந்தேகத்தைக் காட்டுவதே. நோயை உறுதி செய்வது சளிப் பரிசோதனை.

செல்லும் இடமும் செலவும்

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கும், புதுவைக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கும் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவு. முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் தொலைவிலுள்ளது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. நிலையங்களை 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வெளியிடங்களைவிடக் குறைந்த கட்டணத்தில் நடத்தி வருகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உடையவர்கள், அது தமக்குப் பயன்படுமா என்று முதலிலேயே விசாரித்தல் நலம்.

உப்பளக் குடும்பங்கள் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களைச் சேர்ந்த 352 தொழிலாளரைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகச் செயல் குறைந்திருந்தது. மிகப் பெரும்பாலோர் வரம்பு மீறிய வெப்பத்தில் உழைத்தனர். செயல் குறைவை இரத்தப் பரிசோதனை காட்டும். கல்லையும் அடைப்பையும் ஒலியலைப் படம் காட்டும்.

கர்ப்பிணிகள் எக்ஸ்ரே அறைக்குள் செல்லுமுன் தம் நிலையைச் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் மாதத்தை ஒட்டி எடுக்கும் ஒலியலைப் படத்தைத் தவறவிடலாகாது. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நாம் செய்யத்தக்கவை

அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பழைய படங்களையும் குறிப்புகளையும் நிலப்பத்திரம் போல் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் உடன் கொண்டு செல்க. புறப்படுமுன் யந்திரம் ஓடுகிறதா, படத்தைப் படிப்பவர் என்று வருவார் என்று தொலைபேசியில் கேட்டறிக. படத்துடன் எழுத்துக் குறிப்பையும் கேட்டுப் பெறுக. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலை அளத்தூசி, பஞ்சுத்தூசி என்று தள்ளிவிடாதீர்கள்.

சங்கமாகச் செய்யத்தக்கதும் உண்டு. கர்நாடகத்தில் 2003இல் கூட்டுறவுச் சங்க விவசாயிகள் ஆளுக்கு ஆண்டுக்கு 60 ரூபாய் செலுத்தி, அரசின் துணையுடன் யசஸ்வினி என்னும் வைத்தியக் காப்புத் திட்டத்தைத் தொடங்கினர். 2018இல் வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்ட அது, பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. நம் சங்கம் அத்துணைப் பெரிதன்று. ஆயினும் மாதத்தில் ஒரு நாள், படம் எடுக்க வேண்டியவர்களை ஒரே வண்டியில் அழைத்துச் செல்லவும், உடன் ஒரு விவரமறிந்த அங்கத்தினரை அனுப்பவும் நம்மால் இயலும். க்ஷயச் சோதனைக்கான எக்ஸ்ரே ஊர்தியை, அளத்தில் வேலை ஓயும் மழைக்காலத் தொடக்கத்தில் நம் ஊருக்கு அனுப்புமாறு மாவட்ட அதிகாரிகளுக்குக் கூட்டு விண்ணப்பம் அனுப்பவும் இயலும்.

இவ்விரு யோசனைகளையும் அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்வைக்கிறோம். மூன்று பயணத்தை ஒரு பயணமாகக் குறைத்தாலே ஒரு குடும்பத்துக்கு நான்கு நாள் கூலி மிச்சமாகும். நோயும் ஒரு மாதம் முந்தித் தெரியும். அங்கத்தினர்கள் தவறாது வந்து தம் கருத்தைத் தெரிவிப்பார்களாக.