மண்ணில் இரும்பு, செடியில் பஞ்சம்

கோவை வட்டாரத்தில் நிலக்கடலையின் கொழுந்து இலைகள் மஞ்சளாக வெளிறுவதைப் பார்த்திருப்பீர்கள். உடனே யூரியா இடுவோர் உண்டு. பயன் இராது, பணமும் வீண்.

எந்த இலை முதலில் வெளிறுகிறது என்று கவனியுங்கள். தழைச்சத்து குறைந்தால், செடி அதை முதிய இலைகளிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். ஆகவே அடி இலைகளே முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் இடம் பெயராது. எனவே கொழுந்து வெளிறும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும்.

செம்மண்ணுக்கு நிறம் தருவதே இரும்புதான். பிறகு ஏன் பற்றாக்குறை? கொங்கு நாட்டில் சுண்ணாம்பு மிகுந்த நிலங்கள் பல. சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்குகிறது. கார அமில நிலை 8 அளவை எட்டினால் இரும்பு நீரில் கரைவது அரிது. கரையாததை வேர் உறிஞ்ச இயலாது.

மண்ணில் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு. வெளிவருவது கரியமில வாயு.

10 லிட்டர் நீரில் 100 கிராம் அன்னபேதியைக் கரைத்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள். மண்ணில் இட்டால் சுண்ணாம்பு அதையும் முடக்கிவிடும். தொழு உரமோ இரும்பைக் கரையும் நிலையில் பிடித்து வைக்கும். யூரியா மூட்டையைப் பிரிக்குமுன் மண்ணைப் பரிசோதிப்பதே சிக்கனம்.