உலையும் விலையும் – 6: ஒரு பேருக்கு எத்தனை கிலோ மா?

கடந்த வாரம் 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலைப் பார்த்தோம். கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. நாடு கொதித்தெழுந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். ஆனால் அன்று கண்டியைச் சுற்றியிருந்த தோட்டங்களில் வாழ்ந்த மக்களின் நிலை என்ன என்பதை அங்கே சொல்லாமல் விட்டிருந்தேன். 1948இல் அவர்களின் குடியுரிமை பறிபோனது; 1949இல் வாக்குரிமையும் போனது. அரிசி விலையால் ஆட்சி கவிழும் நாடு என்று இலங்கையைப் பற்றிச் சொல்வதுண்டு. தோட்டத்து லயன் குடியிருப்புகளில் வாழ்ந்த லயத்து மக்களைப் பொறுத்தவரை அது பல காலம் உண்மையாக இருக்கவில்லை. அவர்களின் பசியைக் கண்டு எந்த அமைச்சரும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவை வரவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து 1973, 74இல் அதன் விளைவு தெரிந்தது. உலகச் சந்தையில் எண்ணெயும் கோதுமையும் விலையேறின. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் பங்கீட்டு அரிசியையும் மாவையும் குறைத்தது. கிராமத்தவருக்கு வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலமாவது இருந்தது. மரவள்ளியும் பலாக்காயும் கைகொடுத்தன. லயத்தில் இருந்தவருக்கு வாசற்படிக்கு வெளியே இருந்த ஒவ்வோர் அடி மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக ஏறியது. எத்தனையோ குடும்பங்கள் மலையை விட்டு வன்னிக்கு இறங்கின. சிறிமா காலத்துப் பஞ்சம் என்று இன்றும் புசல்லாவையிலும் கலஹாவிலும் முதியவர்கள் சொல்வது இதைத்தான். அரசாங்கத்தின் பொருளாதாரச் சாதனையை அளக்க நான் கையில் எடுக்கும் அளவுகோலும் அந்தத் தலைமுறையிடமிருந்து வந்ததே.

தோட்டத்தில் வேலையைப் பேரால் கணக்கிடுவார்கள். குறித்த கிலோ கொழுந்தைப் பறித்து நிறுத்துக் கொடுத்தால் வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒரு பேர்; குறைந்தால் அரைப்பேர். ஒரு பேருக்கு எத்தனை கிலோ மா வாங்கலாம் என்று பாருங்கள். பணவீக்க வீதம், மொத்த உள்நாட்டு உற்பத்தி எல்லாவற்றையும் விட இந்த ஒரு கணக்கு நாட்டின் நிலையைத் தெளிவாகச் சொல்லும்.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. அடிப்படை 900, வரவுசெலவுத்திட்டப் படி 100. அப்போது கோதுமை மா கிலோ நூறு ரூபாவுக்குள் கிடைத்தது. ஒரு பேருக்குப் பத்துக் கிலோ. அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் மா முந்நூறைத் தாண்டியது. அதே பேருக்கு மூன்று கிலோ. காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, பல வீடுகளில் இரவிலும் ரொட்டி என்றிருக்கும் மக்களிடம் இந்தக் கணக்குக்கு விளக்கவுரை தேவையில்லை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் ஒவ்வொரு தொன்னுக்கும் டொலர் கொடுக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கம்வரை ஒரு டொலரைச் சுமார் 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்த மத்திய வங்கி கையை விட்டதும், இரண்டே மாதத்தில் அது 360 ஆனது. உக்ரைன் போரும் அதே வேளையில் வந்து சேர்ந்தது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது.

எல்லாம் வெளியிலிருந்து வந்த வினை என்று சொல்லித் தப்ப முடியாது. உள்ளூரில் விதைத்த வினையும் இருக்கிறது. அதில் ஒரு பெரும் பங்கு கண்டி மாவட்டத்துக்குள்ளேயே நடந்தது.

2021 ஏப்ரலில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தார். மே மாதம் வர்த்தமானி வந்தது. ஒரே போகத்தில் முழு நாடும் சேதன விவசாயத்துக்கு மாறிவிடும் என்றார்கள். அப்போது விவசாய அமைச்சராக இருந்த மஹிந்தானந்த அளுத்கமகே கண்டி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர், நாவலப்பிட்டியை அரசியல் தளமாகக் கொண்டவர். நாவலப்பிட்டியிலிருந்து கம்பளை வழியாகக் கீழே இறங்கினால் பேராதனை. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் அங்கேதான். நாட்டின் முதல் விவசாய பீடமும் அங்கேதான். மண்ணையும் பயிரையும் ஆயுள் முழுக்கப் படித்தவர்கள் அமைச்சரின் வீட்டு வழியிலேயே இருந்தார்கள். அந்த பீடத்துப் பேராசிரியர் புத்தி மாரம்பே, இது விளைச்சலைச் சரித்து உணவுத் தட்டுப்பாட்டைக் கொண்டுவரும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அமைச்சின் கீழ் அவர் வகித்த பதவிகளிலிருந்து அவரை நீக்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளின் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. தெரியாமல் செய்த தவறு வேறு. தெரிந்தவரை வெளியே அனுப்பிவிட்டுச் செய்த தவறு வேறு.

பின்னர் சீனாவிலிருந்து சேதனப் பசளைக் கப்பல் வந்தது. மாதிரிகளில் பயிருக்குக் கேடான பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுநீக்கப் பிரிவு கண்டறிந்து, இறக்க அனுமதி மறுத்தது. ஒரு மூட்டையும் இறங்காத அந்தக் கப்பலுக்கு 2022 ஜனவரியில் மக்கள் வங்கி ஏறக்குறைய 70 இலட்சம் டொலர் கட்டியது. பால்மா வாங்கவும் மருந்து வாங்கவும் டொலர் இல்லாமல் தவித்த மாதங்கள் அவை. இரசாயனப் பசளைத் தடையை அதற்கு முன்பே, 2021 நவம்பரில், தளர்த்தியிருந்தார்கள். பெரும்போகத்துக்கு அது காலம் கடந்த மருந்து. அந்தப் போகத்து நெல் ஐந்தில் இரண்டு பங்கு வரை குறைந்தது.

நெல்லைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். தேயிலையில் நடந்தது அவ்வளவாக வெளியே வரவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் முதன்முதலாக வர்த்தக முறையில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் கலஹாவுக்கு அப்பால் இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டாகச் சுரண்டிய மலைச்சரிவு மண் அது. பசளை இல்லாவிட்டால் துளிர் வராது. பசளையோடு களைநாசினியும் நின்றதால் புல் இடுப்பளவுக்கு வளர்ந்தது. அட்டைக்கும் குளவிக்கும் நடுவில் நின்று கொழுந்து தேட வேண்டியதாயிற்று. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் சுமார் 30 கோடி கிலோ. 2022இல் 25 கோடிக்குச் சரிந்தது. செடியில் கொழுந்து குறைந்ததே தவிர, பறிக்க வேண்டிய கிலோ குறையவில்லை. பல தோட்டங்களில் 18 கிலோ, சிலவற்றில் 20. எட்டாதவருக்கு அரைப்பேர். ஒரே ஒரு வர்த்தமானி கடையில் விலையை ஏற்றியது, மலையில் சம்பளத்தைப் பாதியாக்கியது. பொருளாதாரக் கொள்கை ஒன்று ஏழையை இரு பக்கமும் இப்படி நெரித்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று இலங்கை அறிவித்தது. கண்டி நகரத்தில் எரிவாயு வரிசை. 2021 நடுப்பகுதியில் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. மே மாதம் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் அரிசியும் பால்மாவும் மருந்தும் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தன. ஜூலையில் கோட்டாபய நாட்டை விட்டு ஓடினார். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. தோட்டப்புற மக்களில் பாதிப்பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே போய்விட்டதாக உலக வங்கி மதிப்பிட்டது. அத்தனைக்கும் நாட்சம்பளம் அதே 1,000 ரூபா. 2021 மார்ச் முதல் 2024 செப்டெம்பர் வரை, மூன்றரை வருடம், நாட்டின் வரலாற்றிலேயே மிகக் கொடிய விலையேற்றத்தின் நடுவே, ஒரு ரூபாவும் கூடவில்லை. 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்கள் உள்ளிட்டோர் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள், பொதுமக்கள் நம்பிக்கையை மீறியவர்கள் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரலாற்றில் நிற்கும். அரைப்பேரில் போன சம்பளத்தை அது மீட்டுத் தரவில்லை.

இதே காலத்தில் நைஜீரியாவில் நடந்ததையும் ஒரு கண் பார்ப்பது நல்லது. 2023 மே 29இல் பதவியேற்ற அன்றே ஜனாதிபதி போலா தினுபு எரிபொருள் மானியம் முடிந்தது என்றார். அடுத்த மாதம் நைரா நாணயத்தை மிதக்க விட்டார்கள். 2024 நடுப்பகுதியில் அங்கே உணவுப் பணவீக்கம் 40 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் மொத்தப் பணவீக்கம் 34.8 சதவீதம், அடுத்த மாதம் அடிப்படை ஆண்டை 2009இலிருந்து 2024க்கு மாற்றிக் கணித்ததும் 24.48. இடைப்பட்ட முப்பது நாளில் லாகோஸ் சந்தையில் அரிசி விலை அப்படி விழவில்லை. புள்ளிவிபரத்தார் செய்தது முறையான வேலைதான். இலங்கையும் 2023இல் தன் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டை மாற்றியது. ஆனால் அந்த எண்ணை எடுத்து மேடையில் காட்டி, பஞ்சம் தீர்ந்தது என்று சொல்லும் அரசியல்வாதி லாகோஸிலும் உண்டு, கண்டியிலும் உண்டு.

நம் நாட்டிலும் பணவீக்கம் இறங்கியது. 2024 செப்டெம்பர் முதல் 2025 ஜூலை வரை கொழும்புச் சுட்டெண் பூச்சியத்துக்குக் கீழேயே நின்றது. சர்வதேச நாணய நிதியம் பாராட்டியது. நிலைநிறுத்தியதற்கான பெருமை கோட்டாபயவுக்குப் பின் ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்கவுக்கும், அதைக் குலைக்காமல் காத்த பெருமை அவரை அடுத்து வந்த அநுர குமார திசாநாயக்கவுக்கும் சேர வேண்டும்; அதை மறைத்து எழுதுவது நேர்மையல்ல. ஆனால் 2022இல் ஏறிய விலையில் பெரும்பகுதி மேலேயே தங்கிவிட்டது. அதன்மேல் 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. 2019 டிசம்பரில் அதே வரியை 15இலிருந்து 8ஆக வெட்டிக் கஜானாவைக் காலியாக்கியதன் பாக்கியை இப்போது சவர்க்காரம் வாங்கும் கொழுந்துக்காரியும் கட்டுகிறாள். அதே ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தொட்டது. நுவரெலியாவில் பிடுங்கிய மரக்கறியில் ஒரு பங்கு கண்டி வழியாகவே தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய், அங்கே கைமாறி, மறுபடி கட்டுகஸ்தோட்டைச் சந்தைக்கு வருகிறது. போக வர லொறிக் கூலி. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு 230 ரூபா உச்ச விலை விதித்தார்கள். விதித்த கையோடு பல கடைகளில் நாட்டரிசியைக் காண முடியவில்லை. தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டியது. சம்பலே ஆடம்பரமான வீடுகளை நான் பார்த்தேன்.

சம்பளம் 2024 செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், 1,350 ஆனது. 2025 நவம்பர் 7ஆம் திகதி வரவுசெலவுத் திட்டத்தில் 2026 ஜனவரி முதல் 1,550, அதோடு அரசாங்கம் கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு 200, ஆக 1,750 என்று அறிவித்தார்கள். திறைசேரிப் பணம் நேராகக் கொழுந்து பறிப்பவர் கைக்குப் போவது பெரிய காரியம். நான் அதை முழு மனதோடு வரவேற்கிறேன். மூன்று வாரம் கழித்து தித்வா புயல். அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின; மாவட்டங்களில் அதிக உயிர்களை இழந்தது கண்டி. மண்சரிவில் மரக்கறித் தோட்டங்களும் பாதைகளும் போயின.

அரசாங்கத்திடம் நான் கேட்பது இரண்டு. கொழும்பு நகரக் குடும்பங்களுக்கு ஒரு விலைச்சுட்டெண் இருக்கிறது, நாடு முழுவதற்கும் ஒன்று இருக்கிறது. தோட்டப்புறத்துக்கென்று மாதாந்தம் வெளியாகும் சுட்டெண் இல்லை. மா, அரிசி, பருப்பு, தேங்காய், கருவாடு, மண்ணெண்ணெய், பஸ் கட்டணம் இவற்றை வைத்துத் தொகைமதிப்புத் திணைக்களம் அதைத் தயாரிக்க வேண்டும். வீட்டு வருமானச் செலவு ஆய்வில் தோட்டப்புறத்தைத் தனியாகக் கணக்கெடுக்கத் தெரிந்த திணைக்களத்துக்கு இது முடியாத வேலை அல்ல. அந்தச் சுட்டெண் ஏறும் அளவுக்கு அடிப்படைச் சம்பளமும் ஆண்டுதோறும் தானாக ஏற வேண்டும். தேர்தலுக்கும் தோட்டக் கம்பனிகள் தொடுக்கும் வழக்குக்கும் காத்திராமல். கம்பனிகள் எதிர்க்கும். உற்பத்தித்திறன் என்பார்கள். அவர்களின் வரவு செலவுக் கணக்கை அடுத்த வாரம் விரித்துப் பார்ப்போம்.