வேப்பிலை கட்ட முடியாத கதவு

சின்னாளப்பட்டியில் சேலைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் திண்டுக்கல் வந்தால், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் என்னோடு கொஞ்ச நேரம் உட்காராமல் போகமாட்டார். சித்திரை பிறந்து நாலாம் நாள் காலை வந்தவர் டீயைக் கையில் வாங்கியும் குடிக்கவில்லை.

"அண்ணே, இருபத்தாறாம் தேதி குடும்பத்தோட மலேசியா கிளம்புறோம். திருச்சியில ஃப்ளைட்டு. பத்துமலை முருகனைப் பாத்துட்டு மே மூணு திரும்புறோம். ஏழு டிக்கெட்டு. இப்பப் பாத்து பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டிருக்கு. வருஷப் பொறப்பன்னைக்குப் பூரா நம்ம பாப்பா அவன்கூடதான் விளையாண்டுச்சு. மறுநாள் அவனுக்குக் கொப்புளம் கெளம்பிருச்சு. போன எடத்துல பாப்பாவுக்கும் வந்துட்டா?"

கடைச் சுவரில் தினத்தாள் காலண்டர் தொங்கியது. தாளைத் தூக்கித் தூக்கி எண்ணிக் காட்டினேன். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்றும். ஆகவே வருஷப் பிறப்பன்று அந்தப் பையனிடமிருந்து பாப்பாவுக்கு வந்திருக்கலாம். உடம்புக்குள் போனபிறகு வெளியே தெரிய 10 நாளிலிருந்து 21 நாள் ஆகும். ஏப்ரல் 14-லிருந்து எண்ணினால் 24-ம் தேதி தொடங்கி மே 5 வரை. அவர் வாங்கியிருந்த டிக்கெட் முழுவதும் அந்த நாட்களுக்குள்ளேயே விழுந்தது.

"இன்னைக்கே டாக்டரைப் பாருங்க தம்பி" என்றேன். தொற்று பட்ட மூன்று நாளுக்குள், தப்பினால் ஐந்து நாளுக்குள், தடுப்பூசி போட்டால் பலருக்கு நோய் வராமலே போகும். வந்தாலும் லேசாக வரும். அரசு இலவசமாகப் போடும் ஊசிகளில் தட்டம்மைக்கு உண்டு, சின்னம்மைக்குக் கிடையாது. பாப்பாவுக்கு அது போட்டதே இல்லை. குழந்தை டாக்டர் பத்து மணிக்குத்தான் உட்காருவார். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறச் சொல்லி வீட்டுக்குப் போன் செய்துவிட்டு, அப்புறம்தான் டீயைக் குடித்தார். பத்து மணி வரை பேசினோம்.

நம் ஊரில் அம்மை போட்ட வீட்டை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கும். கண்டதும் விருந்தாளி திரும்பிப் போவார், கடன் கேட்க வந்தவரும் திரும்பிப் போவார். உள்ளே தாளிப்பு வாசனை இருக்காது. ஒருத்தர் மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டுக்காரர்கள் எங்கும் போகமாட்டார்கள். வேப்பிலை கிருமியைத் தடுக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்த வாசலைத் தாண்டாத மனிதர்கள்தான் நோயைத் தடுத்தார்கள். அந்தக் கொத்தை வீட்டுக்காரரே கட்டினார் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். 2020-ல் வெளியூரிலிருந்து வந்தவர்கள் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், சில இடங்களில் வாசலில் தகரம் அடித்தார்கள். வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் வேப்பிலை கட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இளநீர் வந்தது. தகரம் அடித்த வீட்டைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள், அடுத்த தெருக்காரர் காய்ச்சலை மறைத்தார்.

கோலாலம்பூர் ஓட்டல் அறைக் கதவில் வேப்பிலை கட்ட முடியாது. வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும்.

"சொன்னா வெளிய தள்ளிட மாட்டானாண்ணே?"

அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் சொல்லுகிற வரிசை முக்கியம். முதல் போன் பயணக் காப்பீட்டுக்காரர் கொடுத்திருக்கும் உதவி எண்ணுக்கு. எந்த மருத்துவரிடம் போகலாம் என்று அவர்களே சொல்வார்கள். அவர்களைக் கேட்காமல் செலவழித்தால் பிறகு பணம் வாங்குவது பெரும்பாடு. டாக்டரிடம் வெறுமனே "அம்மை" என்றால் போதாது. நமக்குச் சின்னம்மையும் அம்மைதான், மணல்வாரி என்கிற தட்டம்மையும் அம்மைதான். இரண்டுக்கும் ஒதுங்கும் நாள் வேறு: மணல்வாரிக்குத் தடிப்பு வந்ததிலிருந்து நாலு நாள், சின்னம்மைக்குப் புதுக் கொப்புளம் நின்று, இருப்பது எல்லாம் பொருக்குத் தட்டும்வரை, பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நாள். டாக்டர் எழுதித் தரும் சீட்டோடு ரிசப்ஷனுக்குப் போனால், பேச்சு பயத்தில் தொடங்காது, தேதியில் தொடங்கும். இத்தனை நாள் அறையைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டாம், சாப்பாட்டை வாசலில் வைத்தால் போதும் என்று கேட்கலாம்.

மறைத்தால் என்ன ஆகும்? விமான நிலையத்தில் முகத்துக் கொப்புளத்தை மறைக்க முடியாது. ஃபிட் டு ஃப்ளை சர்டிபிகேட் இல்லாமல் ஏற்றமாட்டார்கள். ஏற்றிவிட்டாலோ இன்னும் மோசம். சின்னம்மை காற்றிலேயே பரவும். பக்கத்து சீட்டில் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி இருக்கலாம், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர் இருக்கலாம். நமக்கு ஒரு வாரச் சொறியாக முடிகிற நோய் அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

அப்போது அவர் அந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டார். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைத்த டைமண்ட் பிரின்சஸ். உல்லாசப் பயணம் போன கப்பல். அதில் வந்து ஹாங்காங்கில் இறங்கிவிட்ட ஒருவருக்குக் கொரோனா என்று தெரிந்ததும், 5-ம் தேதியிலிருந்து 14 நாள் பயணிகளை அவரவர் அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். 3,711 பேரில் கடைசியில் 712 பேருக்குத் தொற்று. இரண்டு வேலையை ஒன்றாகப் போட்டுக் குழப்பியதும் இதற்கு ஒரு காரணம். நோய் வந்தவரைப் பிரித்து வைப்பது ஒன்று. நோயாளியோடு பழகி, வருமோ வராதோ என்று இருப்பவரைக் காத்திருக்க வைப்பது இன்னொன்று. பின்னதைத்தான் குவாரண்டைன் என்கிறோம். கப்பலில் பயணிகள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தக் கதவுக்கு மூன்று வேளையும் தட்டு கொண்டுபோன ஊழியர்களுக்கு அப்படி ஒதுங்க இடமில்லை. ஒன்றாகச் சமைத்தார்கள், ஒரே கூடத்தில் சாப்பிட்டார்கள், ஒரே அறையில் இருவர் மூவராகப் படுத்தார்கள். கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேரில் 132 பேர் ஊழியர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. 27-ம் தேதி ஏர் இந்தியா விமானம் 119 இந்தியர்களை டெல்லிக்குக் கொண்டுவந்தது. மானேசர் ராணுவ முகாமில் மறுபடியும் 14 நாள். ஒருவர் ஒதுங்கியிருக்க இன்னொருவர் சோறு கொண்டுவர வேண்டும். அவரை நினைக்காமல் போட்ட கணக்கு கப்பலில் தப்பாய்ப் போனது. ஓட்டல் அறையிலும் அப்படித்தான் போகும்.

நமக்கு இந்தக் காத்திருப்பு புதிதும் அல்ல. ராமேஸ்வரம் ரயிலில் போனால் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு ஸ்டேஷன் வரும். அந்தக் கேம்ப், இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி கூட்டிப்போன ஜனங்களைக் கப்பலேற்றும் முன் நிறுத்திவைத்த இடம். காலராவும் பெரியம்மையும் கடல் தாண்டிவிடக் கூடாதென்று அங்கே அம்மை குத்தினார்கள், நாள் கணக்கில் வைத்திருந்தார்கள். அன்றைய மதுரை ஜில்லாவிலிருந்து, அதாவது திண்டுக்கல்லும் சேர்ந்த பக்கத்திலிருந்து, எத்தனையோ குடும்பங்கள் அதைத் தாண்டித்தான் போயின. ஊர்சுற்றப் போனவர்களில்லை, காத்திருக்கும் நாளுக்குக் காப்பீடும் இல்லை. அந்த ஸ்டேஷன் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

மணி ஒன்பதே முக்கால். நண்பர் தேதியைத் தள்ளிப் போடலாமா என்று யோசித்தார். தள்ளுவதுதான் நல்லது என்றேன். ஆனால் மே 5 தாண்டினால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. பாப்பாவுக்கு 28-ம் தேதி வந்தால், அவளிடமிருந்து வீட்டில் அடுத்தவருக்கு வர அங்கிருந்து இன்னொரு 10 முதல் 21 நாள். ஏழு பேர் வீட்டில் இது ஒருவர் மாற்றி ஒருவருக்கு வரும். நம் போன்ற வெப்ப நாடுகளில் சின்ன வயதில் சின்னம்மை வராமலே வளர்ந்துவிடுகிறவர்கள் நிறைய. பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரலைப் பிடிக்கலாம். பெரியவர்கள் முதல் நாளே டாக்டரைப் பார்த்தால் வைரஸ் மருந்து நன்றாகக் கேட்கும். குழந்தைக்குக் காய்ச்சலென்று ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது, பாரசிட்டமால் போதும். மூச்சு வாங்கினாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டாலோ அறையில் வைத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிதான்.

"அதனால வீட்ல யார் யாருக்கு முன்னாடி அம்மை போட்டிருக்குன்னு ஒரு கணக்கு எடுங்க. போட்டவங்களுக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. அவங்கதான் பக்கத்துல இருந்து பாக்கணும், சோறு குடுக்கணும். மத்தவங்க வேற ரூம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு போனை எடுத்தார். ஸ்பீக்கரில் அவருடைய அம்மாவின் குரல், தறிச் சத்தத்துக்கு நடுவே.

"அம்மா, எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?"

"ஏன்டா இப்பக் கேக்குற? நீ ஒண்ணாப்பு படிக்கையில போட்டுச்சே. பதினோரு நாளு உம் பக்கத்துலதான் கெடந்தேன். தண்ணி ஊத்துனப்புறம் கோட்டை மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தோம். மறந்துட்டியா?"

"ஒங்களுக்கும்மா?"

"எனக்கு அதுக்கு முன்னாடியே."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப வந்துச்சுன்னா பாப்பா ரூம்ல நானும் அம்மாவும்."