அம்பாசிடர் ஏன் கொதிக்கிறது?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பழைய அம்பாசிடர் வழியில் ஆவி கக்கினால், முதலில் ரேடியேட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். போர்த் தண்ணீரையே ஊற்றிவந்தால் பித்தளைக் குழாய்களுக்குள் சுண்ணாம்புக் காறை படியும். அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. வெளியே உப்புக்காற்று செப்புத் தகடுகளை அரிக்கும். 2014-இல் உற்பத்தி நின்ற வண்டி. பொருத்தமான பாகத்தைப் பட்டறையில் செய்துகொள்வதே நல்லது.

எப்படி? மேல், கீழ்த் தொட்டிகளின் ஈயப்பற்றைச் சூட்டில் இளக்கிக் கழற்றி, குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியான கோரைப் புதிதாக வைத்துப் பற்றவைப்பார்கள். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 200 டிகிரியையொட்டி இளகிவிடும்; செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். அதனால்தான் உடலுக்குச் சேதமில்லாமல் பிரித்துச் சேர்க்க முடிகிறது. பிறகு காற்றடைத்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள்.

பலர் கூடுதலாக ஒரு வரிசைக் குழாய் கேட்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. பின்வரிசைக்கு வருவது ஏற்கெனவே சூடேறிய காற்று, காற்றோட்டமும் குறையும். அதைவிட விசிறியைச் சுற்றித் தகரத்தில் உறை செய்து மாட்டலாம். வண்டி ஊர்ந்து போகும்போதும் விசிறி இழுக்கும் காற்று பக்கவாட்டில் நழுவாமல் ரேடியேட்டர் வழியாகவே வரும்.